மெய்நிகர் கணினியின் வலையட்டை: ஒரு வரலாறு

மெய்நிகர் வலையட்டை என்பது, ஒரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினிக்கு வலையமைப்புத் தொடர்பைத் தருவதற்காக, மென்பொருளாலேயே உருவாக்கப்படும் வலையட்டை ஆகும். உள்ளே இயங்கும் கணினியை மெய்நிகர் கணினி அல்லது விருந்தினர் என்றும், அதற்கு இடம் கொடுக்கும் உண்மைக் கணினியைப் புரவலர் என்றும் குறிப்பிடுவர். விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸை ஏற்றும் மாணவர் எவரும் முதலில் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு: வலையட்டையை நாட் முறையில் வைப்பதா, பிரிட்ஜ் முறையில் வைப்பதா, புரவலர்-மட்டும் முறையில் வைப்பதா? இந்தத் தெரிவுகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சிக்கலுக்குக் கிடைத்த விடை. அந்த வரலாறு தெரிந்தால் தெரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

திருப்பூர் வழியாக ஒரு விளக்கம்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் 1920களில் வேர்விட்டது. 1978இல் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வெள்ளை டி-சட்டைகள் தேடி வந்ததை இவ்வூரின் ஏற்றுமதிக் கதையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது.

இத்தொழிலின் தனித்தன்மை, ஒரே கூரையின் கீழ் எல்லாம் நடப்பதில்லை என்பதாகும். ஆர்டர் எடுப்பவர் ஒருவர். நூலைத் துணியாக்கும் நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் வேறிடம். கட்டிங் முடிந்த பீஸ்கள் பவர் டேபிள் யூனிட்டுக்குத் தைக்கப் போகும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி துறைமுகத்துக்குப் போகும்போது அதன்மேல் ஏற்றுமதியாளரின் பெயர் மட்டுமே இருக்கும். ஐரோப்பாவில் அந்தப் பெட்டியைப் பிரிப்பவருக்கு, சட்டை தைக்கப்பட்ட பவர் டேபிள் எந்தத் தெருவில் உள்ளது என்று தெரியாது. குறை இருந்தால் கடிதம் ஏற்றுமதியாளருக்கே வரும். எந்த லாட் எந்த யூனிட்டில் தைக்கப்பட்டது என்ற பதிவேட்டைப் பார்த்து, உரியவரிடம் அதைச் சேர்ப்பது அவர் வேலை.

நாட் முறை அப்படியே இதுதான். விருந்தினர் அனுப்பும் தரவுப் பொதி புரவலரின் முகவரியோடு வெளியே போகிறது. பதில் புரவலருக்கு வருகிறது. புரவலர் தன் பதிவேட்டைப் பார்த்து உள்ளே சேர்க்கிறது. பிரிட்ஜ் முறையில் விருந்தினர், தனக்கென ஒரு போர்டு மாட்டி, தன் பெயரில் பில் போட்டு, யாரிடமும் நேரடியாக ஆர்டர் வாங்கும் யூனிட்டைப் போன்றது. புரவலர்-மட்டும் முறை, தாய்க் கம்பெனிக்கு மட்டும் வேலை செய்து, வெளியாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் யூனிட்டைப் போன்றது. மூன்றில் எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. யார் யாரைத் தேடி வர வேண்டும் என்பதே கேள்வி.

பெருங்கணினிக் காலம்

மெய்நிகர் கணினி என்ற கருத்து தனிநபர் கணினியைவிடப் பழையது. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960களின் நடுவில் சிபி-40 என்ற அமைப்பு எழுதப்பட்டது. அடுத்து சிபி-67 வந்தது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அது வணிகப் பொருளாக அறிவிக்கப்பட்டது. பெரும் விலையுள்ள ஒரு கணினியை, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி கிடைத்தது போலப் பிரித்துக் கொடுப்பதே இவற்றின் நோக்கம்.

அப்போது இன்று நாம் சொல்லும் வலையட்டை இல்லை. ஆனாலும் ஒரு மெய்நிகர் கணினி இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குக் கண்டுபிடித்த வழி சுவையானது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு கற்பனைத் துளையட்டைப் பொறியும் ஒரு கற்பனை அட்டை படிப்பியும் இருந்தன. ஒருவர் தன் கோப்பைக் கற்பனை அட்டைகளில் துளையிடுவார். அந்த அட்டைக்கட்டு மற்றவரின் கற்பனைப் படிப்பியில் போய் விழும். உண்மையில் ஓர் அட்டைகூட அச்சாகாது. ஜக்கார்டு தறியில் பூ வேலைப்பாட்டைத் தீர்மானிக்கும் துளையட்டையின் உறவினமான அந்த அட்டை, கணினிக்குள் வெறும் நினைவாக மாறிய கட்டம் அது. உண்மையான ஒரு கருவியைப் போல மென்பொருள் நடிப்பது என்னும் இந்த உத்தியே பின்னாளில் மெய்நிகர் வலையட்டைக்கும் அடிப்படையானது.

முகவரிப் பஞ்சமும் நாட் முறையும்

இணையத்தின் நான்காம் பதிப்பு நெறிமுறையில் முகவரிக்கு 32 பிட்டுகள். சுமார் 430 கோடி முகவரிகள் மட்டுமே சாத்தியம். 1990களின் தொடக்கத்திலேயே இது போதாது என்பது தெரிந்துவிட்டது. 1994 மே மாதத்தில் கியெல் எகவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகியோர் எழுதிய ஆவணம், உள்ளே பல கணினிகள், வெளியே சில முகவரிகள் என்ற மொழிபெயர்ப்பு முறையை முன்வைத்தது. முகவரி மொழிபெயர்ப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே நாட். 1996 பிப்ரவரியில், 10இல் தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும், 192.168இல் தொடங்குபவையும் உள்ளகப் பயன்பாட்டுக்கு என ஒதுக்கப்பட்டது உறுதியானது. இன்று எந்த வீட்டு ரவுட்டரிலும் காணப்படும் 192.168 அங்கிருந்து வந்ததே.

இதே காலத்தில்தான் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் அதைத் தொடங்கியது. மாணவர்களுக்குக் கிடைத்த மலிவான ஷெல் கணக்கில் எழுத்து மட்டுமே தெரியும், படம் தெரியாது. உலகின் பல பகுதிகளிலும் இருந்த இதே குறையைப் போக்க, 1995இல் டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் ஸ்லிர்ப் என்ற மென்பொருளை எழுதினார். எழுத்து மட்டுமே செல்லும் ஷெல் கணக்கை முழு இணைய இணைப்பாக மாற்றிக் காட்டியது அது. அதற்கு நிர்வாகி அனுமதி தேவைப்படவில்லை. சாதாரணப் பயனரின் நிரலாகவே அது இயங்கியது. தொலைபேசி மோடம் காலம் முடிந்ததும் ஸ்லிர்ப் மறைந்திருக்க வேண்டும். மாறாக, மெய்நிகர் கணினிக்குள் அது மறுபிறவி எடுத்தது.

வலையட்டையாக நடித்த மென்பொருள்

தனிநபர் கணினியில் மெய்நிகர் கணினியைக் கொண்டுவருவது கடினம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்டெல் எக்ஸ்86 சில்லின் சில கட்டளைகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் உத்தியால் இதைச் சாதித்து, 1999இல் தன் முதல் பொருளை வெளியிட்டது.

அதன் வலையட்டை எவ்வாறு இயங்கியது என்பதை 2001இல் ஜெரமி சுகர்மன், கணேஷ் வெங்கிடாசலம், பெங்-ஹாங் லிம் ஆகியோர் ஒரு கட்டுரையில் விளக்கினர். விருந்தினருக்குக் காட்டப்பட்டது, ஏஎம்டி நிறுவனத்தின் பிசிநெட் என்ற அட்டையின் மென்பொருள் நகல். பெரும்பாலான இயங்குதளங்களில் அதற்கான இயக்கி ஏற்கெனவே இருந்ததால், விருந்தினருக்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. ஆனால் விலை ஒன்று இருந்தது. விருந்தினர் அட்டையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு அதன் உலகிலிருந்து புரவலரின் உலகுக்கு மாறித் திரும்ப வேண்டும். ஒரு பொதி அனுப்ப இப்படிப் பல முறை தாண்ட வேண்டியிருந்ததால், செயலியின் நேரம் தாண்டுவதிலேயே கரைந்தது. தேவையற்ற தாண்டல்களைத் தவிர்த்தும், பல பொதிகளைச் சேர்த்து அனுப்பியும் அவர்கள் வேகத்தைக் கூட்டினர். ஒவ்வொரு பீஸாகக் கொண்டுபோய்க் கொடுக்காமல் கட்டாகக் கட்டி அனுப்புவது போன்ற சிக்கனம் இது.

லினக்ஸ் கர்னலின் பங்கு

லினக்ஸ் தன் பங்குக்கு மூன்று கருவிகளைத் தந்தது.

முதலாவது பிரிட்ஜ். இரண்டு கம்பிகளை ஒரே வலையாக இணைக்கும் பெட்டிக்கு அப்பெயர். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கர்னலில், லெனர்ட் பய்டன்ஹெக் எழுதிய பிரிட்ஜ் நிரல் இடம்பெற்றது. அதன்மூலம் எந்த லினக்ஸ் கணினியும் ஒரு சுவிட்ச் பெட்டியாக மாறலாம்.

இரண்டாவது டன்/டேப். மாக்சிம் கிராஸ்னியான்ஸ்கி எழுதிய இது, ஒரு சாதாரண நிரலின் கையில் வலையட்டையின் மறுமுனையைக் கொடுக்கிறது. டேப் சாதனத்தின் ஒரு பக்கம் கர்னலுக்கு அட்டையாகத் தெரியும். மறுபக்கம் நிரலுக்குக் கோப்பாகத் தெரியும். மெய்நிகர் கணினியை ஒரு முனையிலும் பிரிட்ஜை மறுமுனையிலும் கட்டினால், விருந்தினர் அலுவலக வலையில் தனிக் கணினியாகவே நிற்கும்.

மூன்றாவது ஐபிடேபிள்ஸ். 2.4 கர்னலோடு வந்த இதன் முதன்மை ஆசிரியர் ஆஸ்திரேலியரான ரஸ்டி ரசல். நாட் மொழிபெயர்ப்பையும் தீச்சுவரையும் ஒரே இடத்தில் தந்தது இது.

2003இல் ஃபேப்ரிஸ் பெல்லார் வெளியிட்ட க்யூஇஎம்யு மென்பொருள், ஸ்லிர்ப் நிரலைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. நிர்வாகி அனுமதி இல்லாமலே விருந்தினருக்கு இணையம் கிடைத்தது. அதில் விருந்தினரின் முகவரி 10.0.2.15, அதன் வாசல் 10.0.2.2. 2007இல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையும் ஸ்லிர்ப் வழி வந்ததே. அதனால்தான் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய மாணவர்கள் உலகெங்கும் அதே 10.0.2.15 என்ற முகவரியைக் காண்கின்றனர். லிப்வெர்ட் மென்பொருளைப் பயன்படுத்தும் லினக்ஸ் புரவலர்களில் வழக்கமான எண் 192.168.122இல் தொடங்குகிறது, அங்கே நாட் வேலையைச் செய்வது கர்னலே.

நடிப்பிலிருந்து உடன்பாட்டுக்கு

பழைய அட்டையைப் போல நடிப்பது பாதுகாப்பான வழி; ஆனால் மெதுவான வழி. விருந்தினருக்குத் தான் மெய்நிகர் என்று தெரிந்தால், நடிப்பு எதற்கு? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் விளக்கப்பட்ட ஜென் அமைப்பு இக்கேள்வியிலிருந்து பிறந்தது. விருந்தினரும் புரவலரும் ஒரு பொது நினைவகப் பகுதியை வைத்துக்கொண்டு, அதில் பொதிகளை நேரடியாகப் பரிமாறிக்கொண்டனர்.

2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் சில்லிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன. அதைப் பயன்படுத்தி ஆவி கிவிடி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் 2.6.20 கர்னலில் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு மெய்நிகராக்க மென்பொருளும் தனக்கென ஒரு வலையட்டையை உருவாக்கினால், லினக்ஸ் எத்தனை இயக்கிகளைச் சுமப்பது? ரஸ்டி ரசல் இதற்கு விடையாக விர்ட்டியோ என்ற பொது உடன்பாட்டை முன்வைத்தார். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் அது இடம்பெற்றது. பின்னர் விர்ட்டியோவைத் தரப்படுத்தும் பணி ஓயாசிஸ் அமைப்பில் நடந்தது. இன்று மேகக் கணினிச் சேவைகள் பலவற்றிலும் லினக்ஸ் காண்பது உலகில் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாத இந்த அட்டையைத்தான்.

அட்டையின் பெயர் மாறிய கதை

லினக்ஸில் முதல் ஈதர்நெட் அட்டைக்கு நெடுங்காலம் ஈத்0 என்று பெயர். அடுத்தது ஈத்1. கர்னல் எதை முதலில் கண்டதோ அது 0 ஆனது. இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் இவை இடம் மாறினால், உள்வலைக்கான விதிகள் வெளிவலைக்குப் பொருந்திவிடும் ஆபத்து இருந்தது.

இதைத் தடுக்க, வன்பொருள் முகவரியோடு பெயரைப் பிணைத்து எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. அது மெய்நிகர் கணினிகளில் புதிய தொல்லையைக் கிளப்பியது. ஒரு மெய்நிகர் கணினியை நகலெடுக்கும்போது நகலுக்குப் புதிய வன்பொருள் முகவரி கிடைக்கும். ஈத்0 என்ற பெயர் பழைய முகவரிக்கு எழுதப்பட்டிருப்பதால், புதிய அட்டை ஈத்1 ஆகிவிடும். அமைப்புக் கோப்பிலோ ஈத்0 மட்டுமே இருக்கும். நகல் இயங்கும், வலை மட்டும் இயங்காது.

2013 ஜனவரியில் வெளியான சிஸ்டம்டி 197, அட்டை செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. விர்ச்சுவல்பாக்ஸில் தோன்றும் ஈஎன்பி0எஸ்3 என்ற பெயரின் பொருள்: ஈதர்நெட், 0ஆம் பாட்டை, 3ஆம் செருகிடம். பழைய பாடநூலைப் பார்த்து ஈத்0 என்று எழுதுபவருக்கு அட்டை காணவில்லை என்ற விடையே வரும். அட்டை அங்கேயே இருக்கிறது, பெயர்தான் வேறு.

அமைக்கும் கட்டளைகளும் இவ்வாறே மாறின. 1983இல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த இஃப்கான்ஃபிக் கட்டளையின் இடத்தை, அலெக்சி குஸ்னெட்சோவ் எழுதிய ஐபி கட்டளை பிடித்தது. 2004இல் நெட்வொர்க்மேனேஜர் வந்தது. 2017இல் உபுண்டு 17.10 நெட்பிளானுக்கு மாறியது. ஒரே வேலைக்கு இணையத்தில் நான்கு விதமான செய்முறைகள் கிடைப்பதற்கு இதுவே காரணம். செய்முறையின் ஆண்டைப் பார்க்காமல் பின்பற்றக் கூடாது.

தமிழ்நாட்டில் லினக்ஸ்

2006-07 காலத்தில் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் சென்னை சி-டாக் மையம் டெபியன் அடிப்படையிலான பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

கணினியைத் தொடக்கும்போது இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்பது அந்த ஏற்பாட்டின் எல்லை. பின்னலாடைக் கம்பெனிக் கணக்கை விண்டோஸில் எழுதும் ஒருவர், அதே நேரத்தில் லினக்ஸ் வழங்கியை இயக்கிப் பழக முடியாது. மெய்நிகர் கணினி இந்த எல்லையை நீக்கியது. இரண்டாவது கணினி வாங்கப் பணமில்லாத மாணவருக்கு, மெய்நிகர் கணினி வெறும் வசதி அல்ல. ஒரு முழுப் பயிற்சிக்கூடம். இரண்டு மெய்நிகர் கணினிகளைப் புரவலர்-மட்டும் வலையில் இணைத்தால், வழங்கி, தீச்சுவர், தரவுத்தளம் எல்லாவற்றையும் ஒரே மடிக்கணினியில் பழகலாம்.

எந்த முறையை எப்போது

சிறிய பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஒரு விண்டோஸ் கணினி. அதற்குள் ஸ்டாக் விவரங்களுக்காக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி.

விருந்தினருக்கு இணையம் மட்டும் போதுமென்றால் நாட் முறை போதும். வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. புரவலரிலிருந்து உள்ளே நுழைய வேண்டுமானால், துறை வழிமாற்றம் ஒன்றை எழுத வேண்டும். க்யூஇஎம்யு-வின் ஸ்லிர்ப் முறையில் பிங் கட்டளைக்கு விடை வராமல் போகலாம். அதை வைத்து இணையமே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கட்டிங் பிரிவிலும் பேக்கிங் பிரிவிலும் உள்ள கணினிகள் ஸ்டாக் விவரங்களைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்ஜ் முறை வேண்டும். அப்போது அலுவலக ரவுட்டரே விருந்தினருக்கு முகவரி தரும். கம்பி இணைப்பில் இது எளிது. வைஃபையில் இடர் உண்டு: தன்னிடம் பதிவுசெய்த வன்பொருள் முகவரியிலிருந்து வரும் பொதியை மட்டுமே அணுகுபுள்ளி ஏற்கும், விருந்தினரின் வேறு முகவரியை அது பொதுவாக ஏற்காது. மெய்நிகராக்க மென்பொருள் முகவரியை மாற்றிக் கொடுத்தால்தான் அங்கே பிரிட்ஜ் வேலை செய்யும்.

வலை வேலை செய்யவில்லை என்றால் கீழிருந்து மேலாகப் பார்ப்பது முறை. முதலில் மென்பொருள் அமைப்பில் கேபிள் இணைக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளதா? அடுத்து, லினக்ஸுக்குள் அட்டை எந்தப் பெயரில் தெரிகிறது? அதற்கு முகவரி கிடைத்துள்ளதா? வாசல் முகவரிக்கு வழி உள்ளதா? கடைசியாக, தளப்பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் அமைந்துள்ளதா? நகலெடுத்த கணினிகள் ஒரே வன்பொருள் முகவரியோடு ஒரே வலையில் நின்றால் இரண்டுமே விட்டு விட்டு வேலை செய்யும். அதையும் பார்க்க வேண்டும்.

திறந்த கதவின் விலை

பிரிட்ஜ் முறையில் நிற்கும் விருந்தினர், பிறர் கண்ணுக்கு உண்மையான கணினியே. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வுக் குறையைப் பயன்படுத்தி, வலையில் எட்டிய கணினிகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்டது. அதற்குக் கணினி உண்மையானதா மெய்நிகரானதா என்ற வேறுபாடு இல்லை. பிரிட்ஜில் நின்ற பழைய விண்டோஸ் விருந்தினர் அதன் பிடிக்கு எட்டும். நாட் பின்னால் இருந்ததை வெளியிலிருந்து நேரடியாகத் தேடி வர வழியில்லை. அதற்குச் சில வாரங்களில், 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் பில், கணக்கு, விவரத்தாக்கல் ஆகியவை மேலும் கணினிக்குள் போயின. ஒரு கணினி பூட்டப்பட்டால் ஒரு மாத உழைப்பின் கணக்கே பூட்டப்படும் நிலை அது.

எனவே வலையட்டையின் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வெறும் தொழில்நுட்பத் தெரிவு அல்ல. நாட் முறை முகவரிப் பஞ்சத்துக்கு வந்த மருந்து. மறைப்பு அதன் பக்க விளைவு. பிரிட்ஜ் சேர்ப்பதற்காக வந்தது. வெளிப்படுத்துவது அதன் பக்க விளைவு. தேவைப்படும் அளவுக்கு மட்டும் திறப்பதும், திறந்த துறைக்குத் தீச்சுவர் வைப்பதும், பயன்படாத அட்டையை நீக்கிவிடுவதும் இந்த வரலாறு சொல்லித் தரும் நடைமுறை.